பாரம் கொடுத்த மரை

பல்லேகல சந்தியில் ஜீப்பை நிறுத்தியிருந்தபோது புஷ்பலதா மிஸ்ஸின் தங்கை அழைத்தார். "அக்கா போயிட்டாங்க அண்ணே" என்றார். மிஸ்ஸுக்கு நெஞ்சு நோய் என்பது தெரிந்ததுதான். ஆனாலும் எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பன்வில தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்து, படித்து, எங்கள் வனவிலங்குத் திணைக்களத்தில் பரிசோதகரானவர். அனுமதியில்லாமல் அடைத்து வைத்திருக்கும் காட்டு விலங்குகளைத் தேடிக் கைப்பற்றுவது அவர் வேலை. ஜீப் ஓட்டுவது என் வேலை. அவருக்கு அதட்டிப் பேச வராது. அவருக்கும் சேர்த்து நான் அதட்டுவேன். "அண்ணே, நீங்க ஜீப்லயே இருங்க, உங்க வாய் வேணாம்" என்பார்.

அம்பிட்டிய மலையில் ஒரு ஹோட்டல். உல்லாசப் பயணிகள் படம் பிடிப்பதற்காகப் பின்புறத்தில் பெரிய காட்டு மான் இனமான மரையில் ஒரு பெண்ணைக் கட்டி வைத்திருந்தார்கள். கழுத்தில் கயிறு அறுத்த புண். பன்விலவுக்கு மேலே காட்டில் குட்டியாகப் பிடித்தது என்று ஹோட்டல் தோட்டக்காரர் உளறிவிட்டார். மிஸ் அதன் நெற்றியைத் தடவி, "அண்ணே, இவ எங்க ஊர்க்காரி" என்றார். அவ்வளவு சந்தோஷமாக அவரை அதன் பிறகு நான் பார்க்கவில்லை.

முறைப்படி கைப்பற்றினார். அந்த நிமிடம் முதல் மரை அரச உடைமை. காதில் இலக்கத் தகடும் மாட்டினார். பிறகு லொறி கேட்டு மேலதிகாரியை அழைத்தார். "கொண்டுவந்து எங்கே வைப்பது? வழக்கு முடியும்வரை ஹோட்டல்காரரிடமே பாரம் கொடுங்கள்" என்று அவர் சிங்களத்தில் சொன்னார். ஒருவர் பொறுப்பில் ஒப்படைப்பதற்குச் சிங்களத்திலும் 'பார' தான். எங்கள் அலுவலகத்தில் சாவியையும் பாரம் கொடுப்போம், மேசை கதிரையையும் பாரம் கொடுப்போம்.

அடுத்த முறை போனபோது மரை முன்வாசலில் நின்றது. நான் சத்தம் போட்டேன். ஹோட்டல் முதலாளி சிரித்தார். "ஏன் கத்துறீங்க? இது கவர்மென்ட் மரை. கவர்மென்ட்தான் என்கிட்ட குடுத்திருக்கு."

திரும்பி வந்தோம். ஜீப்பிலிருந்து இறங்கும்போது மிஸ் சொன்னார்: "முந்தி அந்தாளு கள்ளத்தனமா வச்சிருந்தான். நானே சட்டமாக்கிக் குடுத்துட்டேன் அண்ணே."

வழக்கு தவணை மேல் தவணையாகப் போனது. கைப்பற்றும் விலங்குகளை வைக்க ஓர் இடம் கேட்டு மிஸ் ஏறாத படியில்லை. "பார்ப்போம்" என்றார்கள். கடைசிவரை பார்த்துக்கொண்டேதான் இருந்தார்கள். அவரோ பலா இலையோடு அம்பிட்டியவுக்குப் போய்வந்தார். ஒவ்வொரு முறையும் மரையிடம் "போயிட்டு வர்றேன்டி" என்று சொல்லிவிட்டுத்தான் ஜீப்பில் ஏறுவார்.

மரண வீட்டில் மேலதிகாரி பேசினார். மிஸ் விட்டுச்சென்ற பணியை எங்களிடம் பாரம் கொடுப்பதாகச் சொன்னார். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

தகனம் முடிந்ததும் பலா இலை ஒடித்துக்கொண்டு அம்பிட்டியவுக்குப் போனேன். ஜீப் சத்தம் கேட்டதும் மரை எழுந்து, கயிறு விட்ட தூரம்வரை வந்து நின்றது. என் கையிலிருந்த இலையைத் தொடவில்லை. மிஸ் இறங்குகிற இடப்பக்கக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் மாட்டிய தகடு இன்னும் காதில் இருந்தது. இனி வரமாட்டார் என்று அதனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மிஸ், போயிட்டு வாங்க என்று உங்களை வழியனுப்ப எனக்கு மனமில்லை. போய்விடுங்கள். திரும்பி வராதீர்கள். வந்தால் உங்களையும் யாரிடமாவது பாரம் கொடுத்துவிடுவார்கள்.