வேறு குறிப்புகள் இருப்பின்

பதினாறு வயதுப் பிள்ளைகளுக்காக எழுதப்படும் நாவல்களை நான் வாசிக்கிறேன். ஒளித்து வாசிப்பதில்லை. கண்டியிலிருந்து பேராதனை போகும் பஸ்ஸில், அட்டையில் வாளோடு ஒரு பெண்பிள்ளை நிற்கும் புத்தகத்தை மடியில் விரித்துக்கொண்டு போகிறேன். பக்கத்தில் இருப்பவர் அட்டையையும் பார்த்து என் வெள்ளைத் தலையையும் பார்த்தால், பேரப்பிள்ளைக்கு என்று சமாதானம் சொல்வதில்லை. எனக்குப் பேரப்பிள்ளை இல்லை. இருந்தாலும் சொல்லமாட்டேன்.

அரச அலுவலகங்களில் முப்பத்தாறு வருடம் வேலை செய்து, நிர்வாக உத்தியோகத்தராக ஓய்வு பெற்றவள் நான். அந்த முப்பத்தாறு வருடமும் வளர்ந்தவர்களின் உரைநடையைத்தான் வாசித்தேன்: சுற்றறிக்கை, அதைத் திருத்தும் சுற்றறிக்கை, இரண்டையும் இரத்துச் செய்யும் சுற்றறிக்கை. ஓய்வுக்குப் பிறகு, இனியாவது இலக்கியம் வாசிக்கலாம் என்று பெயர்பெற்ற நாவல்களை எடுத்தேன். பெரும்பாலானவற்றில் கடைசிப் பக்கத்தில் ஒருவர் ஜன்னலருகே நின்று, ஒன்றும் செய்வதற்கில்லை என்று உணர்கிறார். ஒன்றும் செய்வதற்கில்லை என்பதை நானே எத்தனையோ கோப்புகளில் எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறேன். அதைக் காசு கொடுத்து வாங்கி வாசிப்பானேன்?

பழைய புத்தகக் கடையில் தவறுதலாக ஒரு இளையோர் நாவல் கையில் அகப்பட்டது. அதில் ஒரு பிள்ளை, தனக்கு எந்த அதிகாரமும் இல்லாத விஷயத்தில், யாருடைய அனுமதியும் பெறாமல் தலையிட்டாள். நிர்வாக ரீதியில் அவள் செய்த எல்லாமே பிழை. ஒரே மூச்சில் வாசித்து முடித்துவிட்டு, அடுத்த நாள் போய் அந்தத் தட்டில் இருந்த மற்ற நான்கையும் வாங்கினேன்.

வாசித்தால் மட்டும் போதாது, யாருடனாவது அதைப் பற்றிச் சண்டை போட வேண்டும். அப்படித்தான் அந்த வட்ஸ்அப் குழுவைக் கண்டுபிடித்தேன். இளையோர் நாவல் வாசிப்பவர்கள், அனேகமாகக் கண்டிப் பக்கத்துப் பிள்ளைகள். குழுவை நடத்தியவள் பிலிமத்தலாவையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பவரின் மகள், பல்கலைக்கழக மாணவி. சேர்வதற்கு இணையத்தில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். வயதுக்கு மூன்று கட்டங்கள்: 13 முதல் 15, 16 முதல் 18, 19 முதல் 25. ஒன்றைத் தெரிவு செய்யாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது. கடைசியில், எல்லாப் படிவங்களிலும் இருப்பதுபோல, "வேறு குறிப்புகள் இருப்பின்" என்று ஒரு வெற்றிடம்.

நான் மூன்றாவது கட்டத்தைத் தெரிவு செய்தேன். வெற்றிடத்தில் எழுதினேன்: "மேற்குறித்த வயதெல்லையை நான் கடந்து பல வருடங்கள் ஆகின்றன. அனுமதிப்பதா இல்லையா என்பதைத் தங்கள் தீர்மானத்துக்கு விடுகிறேன்." பத்து நிமிடத்தில் சேர்த்துக்கொண்டார்கள். குறிப்பு வாசிக்கப்பட்டு ஏற்கப்பட்டது என்று கருதிக்கொண்டேன். கருதிக்கொள்ளுதல் அரச சேவையில் அங்கீகரிக்கப்பட்ட ஒரு செயல்முறை.

சேர்ந்த வாரமே ஒரு நாவலைப் பற்றிப் பேச்சு வந்தது. அதில் அதிபர் ஒரு மாணவியை விசாரணை இல்லாமல் பாடசாலையிலிருந்து நீக்குகிறார். எல்லோரும் அழுத முகங்களை அனுப்பிக்கொண்டிருந்தபோது நான் ஏழு இலக்கமிட்ட பந்திகளில் எழுதினேன்: குற்றப்பத்திரம் எங்கே, பதிலளிக்கக் கொடுத்த கால அவகாசம் என்ன, சாட்சி யார். பேராதனையில் சட்டம் படிக்கும் பிள்ளை என்று முடிவு செய்துவிட்டார்கள். அன்றிலிருந்து நான் "லோயர் அக்கா". மறுக்கவில்லை. எழுத்துமூலம் யாரும் கேட்கவுமில்லை.

அந்தக் குழுவில் எனக்கு வாய்த்த எதிராளி பன்விலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் இருப்பவள். உயர்தரப் பரீட்சைக்கு இரண்டாம் முறை படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் சிக்னல் இல்லை; பஸ் திரும்பும் வளைவுக்கு வந்தால்தான் போன் வேலை செய்யும். அதனால் ஒரு நாள் முழுக்க யோசித்ததையெல்லாம் சேர்த்து, பின்னேரம் மொத்தமாக அனுப்புவாள். என் ஏழு பந்திக்குப் பன்னிரண்டு செய்தி வரும். ஒன்றாவது "நீங்க சொல்றது பிழை அக்கா" என்று தொடங்காமல் இருக்காது. ஒரே புத்தகத்தை மாறி மாறி வாசித்தோம். நான் குட்ஷெட் பஸ் நிலையத்துக்குப் போய் பன்வில பஸ் கண்டக்டரிடம் பார்சலைக் கொடுப்பேன். திரும்பி வரும்போது ஓரங்களில் பென்சிலால் கோபமாக எழுதப்பட்டிருக்கும். என் சேவைக் காலத்தில் என் குறிப்புகளை யாரும் இவ்வளவு மரியாதையோடு எதிர்த்ததில்லை.

கடைசிச் சண்டை ஒரு நாவலில் வரும் பதிவேட்டைப் பற்றியது. மதில் சூழ்ந்த ஒரு நகரம். உள்ளே இருக்க உரிமை உள்ளவர்களின் பெயர்கள் ஒரே ஒரு பதிவேட்டில் இருக்கின்றன. கதாநாயகி அதை எரித்துவிடுகிறாள். எரித்தது தவறு என்றேன். பெயரில்லாதவர்களுக்கு நடந்த அநியாயத்துக்கு அந்தப் பதிவேடுதான் ஒரே சாட்சி. மலையகத் தமிழரின் குடியுரிமையை அரசு பறித்த பிறகு என் அப்பா விண்ணப்பித்து வாங்கிய பிரஜாவுரிமைப் பத்திரம் இன்னும் என் அலுமாரியில் எண்ணெய்த்தாளில் சுற்றி இருக்கிறது. கடதாசியை எரிப்பவர்களை நான் நம்புவதில்லை. பன்வில பிள்ளை, எரித்ததுதான் சரி என்றாள். பெயர் உள்ளவர்கள்தான் பதிவேட்டைப் பாதுகாக்கச் சொல்வார்கள் என்றாள். மூன்று வாரம் நடந்தது. நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்து கனகாலம்.

பிறகு நான் அந்தத் தவறைச் செய்தேன்.

கடிதம் எழுதும் விஷயத்தில் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. நினைத்த நேரத்தில் அனுப்பமாட்டேன். வட்ஸ்அப்பாக இருந்தாலும் முதல் நாளே வரைவு எழுதி, திருத்தி, மறுநாள் காலை பத்து மணிக்கு எல்லாவற்றையும் ஒன்றாக அனுப்புவேன். பத்து மணி அலுவலகத்தில் தபால் போகும் நேரம். அன்று இரண்டு தபால் இருந்தது. ஒன்று, ஓய்வு பெற்ற உத்தியோகத்தர்களின் குழுவுக்கு: வருடா வருடம் நாங்கள் உயிரோடு இருக்கிறோம் என்று கிராம சேவகரிடம் கையொப்பம் வாங்கிக் கொடுக்கும் உயிர்வாழ் சான்றிதழ். எப்படி நிரப்புவது என்று ஒருவர் கேட்டதால், நான் நிரப்பிய என்னுடையதையே படம் எடுத்து வைத்திருந்தேன். மற்றது பிள்ளைகளுக்கு. முப்பத்தாறு வருடம் தபால் எழுதுவினைஞர்களுக்கு நான் செய்த ஒரே உபதேசம், உறை மாற்றிப் போடாதீர்கள் என்பது. அன்று நான் மாற்றிப் போட்டேன்.

பிள்ளைகளுக்குப் போனது, எழுபத்தொரு வயது நிரம்பிய ஓய்வூதியர் ஒருவர் உயிரோடுதான் இருக்கிறார் என்பதற்கான அரச அத்தாட்சி. ஓய்வு பெற்றவர்களுக்குப் போனது இது: "அவள் அவனை மூன்றாம் அத்தியாயத்திலேயே முத்தமிட்டிருக்க வேண்டும். அதில் நான் உங்களோடு உடன்படுகிறேன். ஆனால் பதிவேட்டை எரித்தது மன்னிக்க முடியாதது."

ஓய்வு பெற்றவர்களில் முதலில் எழுதியவர் நீர்ப்பாசனத்தில் பொறியியலாளராக இருந்த யாழ்ப்பாணத்துக்காரர்.

"முத்தம் கிடக்கட்டும். எந்தக் கந்தோர்ப் பதிவேடு எரிஞ்சது?"

விஷயத்தைச் சொன்னேன். ஓய்வு பெற்ற பாடசாலை அதிபர் ஒருவர், இந்த வயதில் கனமான இலக்கியம் வாசிக்கலாமே, தேவாரத்துக்கு உரை இருக்கிறதே என்று எழுதினார். கனமானவற்றை நான் பதவியில் இருக்கும்போதே தூக்கிவிட்டேன், இப்போது முதுகு ஒத்துழைப்பதில்லை என்று பதில் போட்டேன். பொறியியலாளர் மட்டும், அந்தப் பதிவேட்டுக்கு வேறு அலுவலகத்தில் ஒரு பிரதி இருந்ததா என்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். புத்தகத்தை அவருக்கு அனுப்பிவைத்தேன்.

பிள்ளைகளின் குழுவில் நடந்தது வேறு. என் செய்தியை அழித்துவிடலாம் என்று தெரியும். அனுப்பிய கடிதத்தைத் தபாற்பெட்டிக்குள் கை விட்டு எடுப்பது எனக்குப் பழக்கமில்லை. அடையாள அட்டை இலக்கம் இருந்ததால் பிலிமத்தலாவைப் பிள்ளையே அதை நீக்கினாள். ஆனால் எல்லோரும் பார்த்துவிட்டார்கள். பெரிய வரவேற்புக் கிடைத்தது. பூக்கள், இதயங்கள், கும்பிடும் கைகள். அதுதான் பயங்கரமாக இருந்தது. லோயர் அக்காவாக இருந்த நான் ஒரே நாளில் "அம்மா" ஆகிவிட்டேன். பரீட்சித்துப் பார்ப்பதற்காக, அந்த நாவலின் வில்லன்தான் உண்மையில் நல்லவன் என்று வேண்டுமென்றே ஒரு அபத்தத்தை எழுதினேன். முந்தைய வாரம் என்றால் என்னைக் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பார்கள். "அழகா சொன்னீங்க அம்மா" என்று ஒன்பது பேர் எழுதினார்கள். பன்வில பிள்ளையிடமிருந்து ஒரு சொல்லும் இல்லை.

அடுத்த நாள் பிலிமத்தலாவைப் பிள்ளை எனக்குத் தனியாக எழுதினாள். குழுவின் வயதெல்லை இருபத்தைந்து என்பதால் ஒரு சிக்கல் இருக்கிறதாம், ஆனால் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்களாம். என்னைக் குழுவின் போஷகராக நியமிக்க விரும்புகிறார்களாம்.

போஷகர் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். எத்தனை சங்கங்களின் யாப்பை, அதாவது விதிமுறைகளை, நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வருடத்துக்கு ஒருமுறை மாலை போட்டு முன் வரிசைக் கதிரையில் உட்கார்த்துவார்கள். குத்துவிளக்கின் ஒரு திரியை ஏற்றச் சொல்வார்கள். மீதி வருடம் வாயைத் திறக்கக்கூடாது. வேண்டாதவர்களை மரியாதையாக வெளியேற்றுவதற்கு மனிதர் கண்டுபிடித்த மிக நேர்த்தியான பதவி அது. எனக்கு மாலை வேண்டாம். பதினேழாம் அத்தியாயத்தைப் பற்றி ஒருவர் என்னைப் பிழை என்று சொல்ல வேண்டும். சாதாரண அங்கத்துவம் அல்லது ஒன்றுமில்லை என்று பதில் எழுதினேன். பொய் சொன்னதாக யாராவது கருதினால், நான் நிரப்பிய படிவத்தின் கடைசிப் பகுதியைப் பார்க்கவும் என்றும் சேர்த்தேன். அதைச் சேர்க்கும்போது எனக்குக் கொஞ்சம் கர்வமாகத்தான் இருந்தது.

மறுநாள் பின்னேரம் போன் அடித்தது. பெயர் பதியாத இலக்கம். பின்னால் பஸ் ஹோர்ன்.

"லோயர் அக்காதானே?"

குரலை அதுவரை கேட்டதில்லை. ஆனாலும் யாரென்று தெரிந்தது. "லோயர் இல்லை," என்றேன். "அக்காவா இல்லையான்னு நீங்கதான் சொல்லணும்."

"வயசெல்லாம் எனக்கு முந்தியே தெரியும். கண்டக்டர் அண்ணன் சொன்னாரு, வெள்ளத்தல மேடம் ஒருத்தவங்க வந்து தர்றாங்கன்னு."

"தெரிஞ்சுக்கிட்டேயா என்னோட அப்படிச் சண்டை போட்டீங்க?"

"நீங்க சொன்னது பிழைன்னா பிழைதானே. அதுக்கு வயசு என்னா செய்யும்?"

இந்த வாக்கியத்துக்காக நான் எவ்வளவு காத்திருந்தேன் என்று அவளுக்குத் தெரிய நியாயமில்லை. பிறகு ஏன் இப்போது பேசாமல் இருக்கிறாள் என்று கேட்டேன்.

"ஃபோம்ல பொய் போட்டீங்க."

"கடைசிப் பகுதியில உண்மையை எழுதியிருக்கேன். எடுத்துப் பாருங்க."

"பாத்தேன். நேத்துதான் எல்லாரும் பாத்தாங்க. அந்த எடத்த யாரும் வாசிக்க மாட்டாங்கன்னு ஒங்களுக்குத் தெரியும்தானே?"

முப்பத்தாறு வருடத்தில் எந்தக் கணக்காய்வு அதிகாரியும் என்னிடம் இப்படியொரு கேள்வி கேட்டதில்லை. படிவங்களை வடிவமைத்தவள் நான். அந்த வெற்றிடம் எதற்காக இருக்கிறது என்று எனக்குத்தான் தெரியும். மக்கள் எழுதித் தீர்த்துக்கொள்வதற்காக. நாங்கள் வாசிப்பதற்காக அல்ல.

"தெரியும்," என்றேன்.

"அப்ப அது பொய்தான்."

"பாதி."

"பாதிப் பொய்னு ஒங்க சுற்றறிக்கையில இருக்கா?"

"இல்லை."

"எங்க தாத்தாவோட பேரும் அப்பிடித்தான் பிரஜாவுரிமை ஃபோம்ல ஏதோ ஒரு மூலையில எழுதியிருந்துச்சாம். யாரும் வாசிக்கல." இதைக் கோபமில்லாமல்தான் சொன்னாள். பிறகு பஸ் வந்துவிட்டது, சிக்னல் போய்விட்டது, அல்லது அவள் பேசி முடித்துவிட்டாள்.

அடுத்த நாள் காலை பத்து மணிக்குக் குழுவுக்கு எழுதினேன். வயதுக் கட்டத்தில் நான் கொடுத்த தகவல் பொய்யானது. குறிப்பு எழுதியதால் அது உண்மையாகிவிடாது. வாசிக்கப்படாது என்று தெரிந்தே எழுதினேன். போஷகர் பதவியை நன்றியுடன் மறுக்கிறேன். சாதாரண அங்கத்தவராக மீண்டும் சேர விண்ணப்பிக்கிறேன். வாசிப்பதற்கு வயதெல்லை வைப்பது முட்டாள்தனம் என்ற என் கருத்தில் மாற்றமில்லை. ஆனால் இருக்கும் விதி விதிதான், அதைத் திருத்துவதா என்பதை நான் இல்லாமல் தீர்மானியுங்கள். அனுப்பிவிட்டு நானே குழுவிலிருந்து வெளியேறினேன். விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும்போது விண்ணப்பதாரி சபையில் உட்கார்ந்திருப்பது முறையல்ல.

முறையாக நடப்பது சுகமானது என்று யாரும் சொன்னதில்லை. பதினொரு நாள். போனைச் சமையலறையில் வைத்துவிட்டு ஹோலில் இருந்தேன். பிறகு ஹோலில் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனேன். வாசித்துக்கொண்டிருந்த புது நாவலில் ஒரு பிள்ளை படு முட்டாள்தனமான காரியம் ஒன்றைச் செய்தாள். சொல்வதற்கு ஆள் இல்லை. பொறியியலாளர் அழைத்து, புத்தகத்தை முடித்துவிட்டதாகவும், பிரதி வைக்காத நிர்வாகத்தைத்தான் முதலில் எரிக்க வேண்டும் என்றும் சொன்னார். இரண்டாம் பாகம் இருக்கிறதா என்று கேட்டபோது குரலைத் தாழ்த்திக்கொண்டார். சத்தமாகவே கேளுங்கள் என்றேன்.

பன்னிரண்டாம் நாள் ஒரு புதுப் படிவம் வந்தது. வயதுக்கு இப்போது நான்கு கட்டங்கள். நான்காவதில் "26உம் அதற்கு மேலும்". கீழே அதே "வேறு குறிப்புகள் இருப்பின்". அதன் கீழே, முன்பு இல்லாத ஒரு வரி: "இந்தப் பகுதி வாசிக்கப்படும்."

யார் போடச் சொன்ன வரி என்று எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. நான் தயாரித்த படிவங்களில் ஒன்றிலாவது அந்த வரியைப் போட எனக்குத் தோன்றியதில்லை. தோன்றியிருந்தாலும் மேலிடம் வெட்டியிருக்கும் என்று சொல்லித் தப்பலாம். அதுவும் பாதிப் பொய்தான்.

நான்காவது கட்டத்தைத் தெரிவு செய்தேன். வெற்றிடத்தில் எழுதினேன்: "பதிவேட்டை எரித்தது தவறு. ஆனால் அதைப் பாதுகாக்க வேண்டும் என்று சொன்ன நான், ஓரங்களில் எழுதியிருப்பதை வாசிக்க வேண்டும் என்று சொல்ல மறந்துவிட்டேன். எரிப்பதற்கு முன் அவள் அதை வாசித்திருக்க வேண்டும்."

பின்னேரம் குழுவில் சேர்த்தார்கள். பூக்கள் இல்லை, கும்பிடும் கைகள் இல்லை. பன்வில வளைவில் அப்போது பஸ் திரும்பும் நேரம். முதல் செய்தி வந்தது.

"பிழை அக்கா. வாசிக்க எங்க நேரம்? காவல்காரன் படியேறிட்டான். எரநூத்திப் பன்னெண்டாம் பக்கம் பாருங்க."

எடுத்துப் பார்த்தேன். இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் காவல்காரன் படியேறவில்லை. வாசலில் நின்று சப்பாத்தைத்தான் கழற்றுகிறான். தாராளமாக நேரம் இருந்தது. பதில் எழுதத் தொடங்கினேன். காலை பத்து மணி வரைக்கும் வைத்திருக்கவில்லை.