வெளித் தாழ்ப்பாள்

விழுப்புரம் மீன் அங்காடியில் பவானியின் குரல் தனியாகக் கேட்கும். மரக்காணம் பக்கத்து மீனவர் குப்பத்தில் பிறந்து, ஆட்டோ ஓட்டும் சீனுவாசனைக் கட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்தவள். பேரம் பேசுபவர்களை வாயாலேயே துரத்திவிடுவாள். அப்படிப்பட்டவள் தம்பியைப் பற்றி யாராவது விசாரித்தால் மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்வாள்.

தம்பியின் பெயர் பெரியதம்பி. முப்பதைத் தாண்டியவன். பிறவியிலேயே அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவன். ரூபாய் நோட்டில் எது பெரியது என்று தெரியாது. ஆனால் வலையில் சிக்கிய நண்டை ஒரு கால் உடையாமல் எடுத்துவிடுவான். அம்மா இருந்தவரை குப்பமே அவனைப் பார்த்துக்கொண்டது. அம்மா போனபின் பவானி அவனை விழுப்புரத்துக்கு அழைத்து வந்தாள். கடல் இல்லாத ஊர் அவனுக்குப் புரியவில்லை. கதவு திறந்திருந்தால் கடலைத் தேடிக் கிளம்பிவிடுவான். ஒருநாள் நெடுஞ்சாலையில் லாரி ஒன்று அவன் தோளை உரசிப் போனது. அதற்குப் பிறகுதான் திண்டிவனத்துக்கு வெளியே, இவனைப் போன்றவர்களைப் பராமரிக்கும் இல்லத்தில் அவனைச் சேர்த்தாள்.

இல்லத்தில் மாதம் ஒரு ஞாயிறு பார்க்க விடுவார்கள், அதுவும் முன்கூட்டிப் போன் செய்துவிட்டு வந்தால். அந்த நாளில் பெரியதம்பி வெள்ளைச் சட்டையும் எண்ணெய் வைத்த தலையுமாக நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். தரை பளபளக்கும். பவானி நிம்மதியாகத் திரும்புவாள். ஆனால் போகப் போக அவன் பேச்சு குறைந்தது. கடைவாயில் எச்சில் ஒழுகியது. கேட்டால், "டாக்டர் மாத்திரைம்மா, அப்படித்தான் இருக்கும்" என்றார் பொறுப்பாளர் கோதண்டபாணி.

மீன்பிடித் தடைக்காலத்தில் வியாபாரம் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை, போன் செய்யாமல் திண்டிவனம் பஸ் ஏறினாள் பவானி. கையில் வேகவைத்த மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, ஒரு பொட்டலம்.

"இன்னைக்கு விசிட்டிங் கெடையாதும்மா. தூங்கறாரு" என்றார் கோதண்டபாணி, கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றபடி.

"இந்நேரத்துக்கா சார்? வெயில் ஏறிக்கினு இருக்குது."

"ராத்திரி பூரா தூங்கலமா. ஞாயித்துக்கெழமை வாங்க."

போன் வந்ததும் அவர் உள்ளே போனார். பின்னால் துணி உலர்த்திக்கொண்டிருந்த ஜெசிந்தா என்கிற ஆயா பவானியை ஒருமுறை நேராகப் பார்த்தாள். வந்து கம்பிக் கதவின் கொக்கியை எடுத்துவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு மறுபக்கம் போய்விட்டாள்.

பவானி உள்ளே நுழைந்தாள். நீளமான கூடம். சுவரோரமாக ஒட்ட வெட்டிய தலையும் ஒரே நிற அரைக்கால் சட்டையுமாக ஆண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். டிவி ஓடியது, யாரும் பார்க்கவில்லை. இத்தனை பேர் இருந்தும் ஒரு சத்தம் இல்லை. அந்த அமைதிதான் அவளை உலுக்கியது. கூடத்தின் கடைசியில் ஒரு அறை, வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்தது. இழுத்தாள்.

மூத்திர நாற்றம் முகத்தில் அடித்தது. பெரியதம்பி தரையில் உட்கார்ந்திருந்தான். அவன் காலைக் கிழிந்த புடவைத் துணியால் ஜன்னல் கம்பியோடு கட்டியிருந்தார்கள்.

"தம்பீ..."

அவன் நிமிரவில்லை. "தப்பு பண்ணல சார். தப்பு பண்ணல சார்" என்று தரையைப் பார்த்துச் சொன்னான்.

முடிச்சு ஈரத்தில் இறுகிக் கிடந்தது. நகத்தால் வரவில்லை. குனிந்து பல்லால் கடித்து இழுத்தாள். கணுக்காலில் தோல் கறுத்துப் புண்ணாகியிருந்தது. பின்னால் கோதண்டபாணி ஓடி வந்தார்.

"யாருமா உள்ள வுட்டது? ஓடிடறாருமா அவரு! பின்னாடியே ஹைவே. முப்பது பேருக்கு ரெண்டே ஆயா. நான் என்ன பண்றது? வண்டியில அடிபட்டா நீங்கதானே வந்து என் சட்டையப் புடிப்பீங்க?"

"அதுக்கு மாட்டக் கட்ற மாதிரி கட்டுவீங்களா?"

"உங்களால பாத்துக்க முடியாமத்தானே இங்க கொண்டாந்து வுட்டீங்க?"

பவானி அவிழ்ந்த துணியை உருவி எறிந்தாள். தம்பியின் கையைப் பிடித்துத் தூக்கினாள். அவன் வாசற்படி வரை வந்து நின்றுவிட்டான். கோதண்டபாணியின் முகத்தையே பார்த்தான். அவர் சொல்லாமல் அந்தப் படியைத் தாண்டக்கூடாது என்று அவன் கற்றுக்கொண்டிருந்தான்.

"கூட்டிக்கினு போனா திரும்பச் சேத்துக்க மாட்டோம்" என்றார் அவர்.

"சேக்க வேணாம். போலாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, அவன் கால எடுத்து வெக்கட்டும்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கடைசியில் பவானி அவனை இழுத்துக்கொண்டுதான் வெளியே வந்தாள். கூடத்தைக் கடக்கும்போது ஒருவன் அவள் முந்தானையைப் பிடித்தான். "அக்கா, நான் அரிபிரசாத். எங்கம்மாவுக்குப் போன் போடறியா?" என்றான். சரி என்று சொல்லி விரலை மெல்லப் பிரித்துவிட்டு வந்தாள்.

பஸ்ஸில் பெரியதம்பி கைகளை மடியில் வைத்தபடி அசையாமல் வந்தான். மல்லாட்டையைக் கொடுத்தாள், "தின்னு" என்று அவள் சொல்லும்வரை வாயில் போடவில்லை.

வீட்டில் சீனுவாசன் புண்ணைப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டான். ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய்க் கட்டுப் போட்டு வந்ததும் அவன்தான். ஆனால் கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கப் போகிறேன் என்று பவானி சொன்னபோது கத்தினான்.

"நம்ம புள்ளைய இட்டாந்துட்ட இல்ல? இன்னும் இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு?"

"நம்ம புள்ள வந்துட்டான். அந்த அரிபிரசாத்து அங்கதானே குந்திக்கினு இருக்கான்?"

மனு கொடுத்த சில நாட்களில் மாற்றுத்திறனாளிகள் நல அதிகாரி பிரபாவதி ஆய்வுக்குப் போனார். பவானியும் கூடப் போனாள். அந்தக் கடைசி அறையில் இப்போது அரிசி மூட்டைகள். சுவரில் புதுச் சுண்ணாம்பு. கதவில் தாழ்ப்பாளே இல்லை.

"ஸ்டோர் ரூம் மேடம்" என்றார் கோதண்டபாணி. "இந்தம்மாவுக்கு என்மேல ஏதோ கோவம்."

தம்பியைக் கூட்டி வந்திருந்தால் புண்ணைக் காட்டியிருக்கலாம் என்று பவானி நினைத்தாள். ஆனால் திண்டிவனம் என்றதுமே காலையில் அவன் நடுங்கிப்போய்விட்டான். பிரபாவதி கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்களிடம் மெதுவாகக் கேட்டார். எல்லாக் கண்களும் கோதண்டபாணி மேல் இருந்தன.

"சார், நீங்க கொஞ்சம் வெளியில இருங்க" என்றார் பிரபாவதி.

அவர் போய்க் கதவு மூடியது. அப்புறம் அரிபிரசாத் எழுந்து வந்தான். அதிகாரியின் முன்னால் உட்கார்ந்து காலை நீட்டினான். கணுக்காலைச் சுற்றி வளையம்போலத் தழும்பு. "இங்க" என்று விரல் வைத்துக் காட்டினான். அவனைப் பார்த்து இன்னொருவனும் காலை நீட்டினான்.

கதவோரம் நின்ற ஜெசிந்தா அழுதுவிட்டாள். "நெசம்தான் மேடம். நானும் கட்டியிருக்கேன். என் ஷிப்டுல ஒண்டியா இத்தனை பேரக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி... வேற வழி தெரியல."

கோதண்டபாணியை நிர்வாகம் வேலையைவிட்டு நீக்கியது. போலீஸ் வழக்கு நடக்கிறது. மருத்துவர் வந்து எல்லோருடைய மாத்திரைகளையும் பார்த்து, பலருக்குக் குறைத்தார். ஆயாக்களின் எண்ணிக்கை கூடியது. எந்த நாளிலும் வந்து பார்க்கலாம் என்றானது. அங்கிருந்தவர்களைப் பெற்றவர்கள் எல்லோருமே பவானியை வாழ்த்திவிடவில்லை. "இதயும் மூடிட்டா எங்க புள்ளைங்கள ஒன் வூட்லயா கொண்டாந்து வுடறது?" என்று ஒரு தகப்பன் கூட்டத்தில் எழுந்து கேட்டார். இல்லம் மூடப்படவில்லை. மூடியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று பவானிக்கு இன்றும் தெரியாது.

பெரியதம்பி திரும்பப் போகவில்லை. பகலில் விழுப்புரத்தில் ஒரு பயிற்சி மையத்துக்கு வேனில் போய் வருகிறான். பவானி வியாபாரத்தை மதியத்தோடு முடித்துக்கொள்கிறாள். டாக்டர் அவனுக்கும் மாத்திரையைக் குறைத்துப் பல வாரங்களுக்குப் பிறகும், கொடுத்ததைத் தின்றான், போட்டதை உடுத்தினான், உட்கார் என்ற இடத்தில் உட்கார்ந்தான்.

ஒரு காலையில் வேன் வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. பவானி அவசரமாக நீலச் சட்டையை அவன் தலைவழியே மாட்டப் போனாள். அவன் கையைத் தட்டிவிட்டான்.

"வேணாம்."

"டேய், ஜல்தி. வண்டி நிக்குது."

"வேணாம். அது." கொடியில் கிடந்த சிவப்புச் சட்டையைக் காட்டினான். அது இன்னும் சரியாகக் காயவில்லை.

பவானி அவனை ஒரு நொடி பார்த்தாள். பிறகு வாசலுக்கு ஓடி, "அண்ணே, கொஞ்சம் நில்லுங்க, சட்டைய மாத்திக்கினு இருக்கான்!" என்று அங்காடிக் குரலில் கத்தினாள்.