மகாளய அமாவாசையும் கிங் டைடும்

நைனா இறந்த பின் வந்த முதல் மகாளய அமாவாசைக்கு நான்கு நாள் முன், தம்பி குடும்ப வாட்சப் குழுவில் ஒரு தெலுங்குச் செய்தியை அனுப்பினான். அமாவாசையன்று ‘கிங் டைட்’, கடற்கரைக்குப் போகாதீர்கள் என்றது அது. கீழே, “அம்மாவ இட்டுக்கினு போவ வேணாம்ணா” என்று எழுதியிருந்தான்.

எனக்குச் சந்தேகம் தட்டியது. நைனாவின் அஸ்தி கரைத்த பழவேற்காட்டுக் கடலில் ஒருமுறை கால் நனைக்க வேண்டும் என்று அம்மா மாதக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார். முழங்கால் வலி. அடுத்த வருஷம் நடக்க முடியுமோ என்ற பயம். ஆடி அமாவாசைக்கும் தம்பி ஸ்ரீசிட்டி தொழிற்சாலையில் ஷிஃப்ட் என்று கழன்றுகொண்டவன். என் டைரியில் இருக்கிறது.

திருப்பதியில் என் அறையில் அந்தச் சொல்லைத் தேடிப் படித்தேன். அமாவாசை, பௌர்ணமி நாட்களில் சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால் ஓதம், அதாவது கடலின் ஏற்றம், உயரும். சந்திரன் பூமியை நெருங்கும் சமயமும் கூடினால் இன்னும் உயரும். அதற்கு ஜனங்கள் வைத்த பெயர்தான் கிங் டைட். விஞ்ஞானக் கலைச்சொல் அல்ல, புயலும் அல்ல. தம்பியின் சாக்கைப் பிடித்துவிட்டேன் என்று போன் போட்டேன்.

“பயப்பட ஒண்ணுமில்லடா. கிரகணம் மாதிரி கணக்குல வர்றது.”

“கணக்குல வந்தா நனைக்காதா? காத்தால போய்ப் பாத்துட்டுதாண்ணா சொல்றேன்.”

“ஷிஃப்டு விட்டுட்டு நீ எப்ப போன?”

“நீ டைரியே எழுதிக்கினு இரு,” என்று வைத்துவிட்டான்.

நான் நம்பவில்லை. அமாவாசையன்று விடிகாலை எங்கள் ஊர் நாகலாபுரத்திலிருந்து வேனில் கிளம்பினோம். தம்பியும் முகத்தைத் தூக்கிக்கொண்டு ஏறினான். எட்டரைக்குக் கரையில் இறங்கினால், எப்போதும் நின்று முழுகும் மணல்திட்டைக் காணோம். தண்ணீர் டீக்கடை வாசல்வரை வந்து வந்து போனது. அம்மா என் தோளை இறுகப் பிடித்தார்.

டீக்கடைக்கார அம்மா தம்பியைப் பார்த்துச் சிரித்தார். “அன்னிக்கே வந்து எங்க எறங்கலாம்னு கேட்டுக்கினு நின்னியேப்பா. மதியம் வான்னு சொன்னனே, சொல்லலியா?”

“சொன்னா கேக்கற ஆளா இவுரு?” என்றான் தம்பி.

எனக்கு முகம் சுண்டிப்போனது. கணக்கிட்டுச் சொல்ல முடிகிற ஒன்று ஆபத்தில்லாதது என்று நானாக முடிவு கட்டியிருந்தேன். ஏறும் என்பதை மட்டும்தான் படித்தேன். அதே நாளில் இறக்கமும் பெரிதாக இருக்கும் என்று அந்தப் பக்கத்திலேயே இருந்திருக்கும். நின்ற இடத்திலேயே பழைய டைரிகளை நினைத்துப் பார்த்தேன். மாசி மகம், ஆடி, தை. எங்கள் குடும்பம் கடலுக்கு வந்ததெல்லாம் பௌர்ணமியோ அமாவாசையோதான். காலையில் முழுகிவிட்டு பத்து மணிக்குள் திரும்பிவிடுவோம். கடல் வற்றி இறங்குவதை எங்களில் ஒருவரும் கண்டதில்லை.

நானும் தம்பியும் கரையோரமாகவே எள்ளும் தண்ணீரும் இறைத்தோம். பிறகு காத்திருந்தோம். டீக்கடைக்கார அம்மாவும் தம்பியும் சேர்ந்து என்னை ஏமாற்றுகிறார்களோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. இரண்டரை மணிக்குத் தண்ணீர் வெகுதூரம் போயிருந்தது. அம்மாவை ஆளுக்கொரு கை பிடித்து ஈரமணலில் நடத்திச் சென்றோம்.

“இன்னாடா இது, இவ்ளோ தூரம் தரையா கெடக்குது?” அம்மாவுக்கும் நம்பிக்கையில்லை, ஒவ்வோர் அடியையும் அழுத்திப் பார்த்தே வைத்தார். கணுக்கால் நனைந்ததும் நின்றார். நேரமாகிறது, தண்ணீர் திரும்ப ஏறும் என்றேன்.

“நீ சும்மா இரு. அவன் சொல்லட்டும்,” என்றார் அம்மா.