கார்டு பெட்டியின் கனம்

திண்டுக்கல் ஸ்டேஷனுக்கு எதிரே உள்ள டீக்கடையில் காலை நேரத்தில் வந்தால் எங்களைப் பார்க்கலாம். ரயில்வேயில் ஓய்வு பெற்ற நாலைந்து பேர். பேருக்குச் செய்தித்தாளைப் புரட்டுவோம். உண்மையான வேலை, வேலையில் இருந்தபோது யார் யாரை எப்படி ஏமாற்றினோம் என்று சொல்லிச் சிரிப்பதுதான். டிரைவரின் சாப்பாட்டுத் தூக்கில் ஜல்லியைப் போட்டவர் போன வாரம் பாயின்ட்ஸ்மேன், இந்த வாரம் ஸ்டேஷன் மாஸ்டர். யாரும் குறுக்குக் கேள்வி கேட்பதில்லை. கேட்டால் நம் கதைக்கும் அதே கதிதான்.

ஒரே ஒரு கதையில் மட்டும் எனக்கு விடை தெரிந்தாக வேண்டியிருந்தது. ஏனென்றால் அதில் ஏமாந்தவன் நான்.

நான் சரக்கு வண்டியின் கடைசிப் பெட்டியில் போகும் கார்டு. கார்டுக்கு ஓர் இரும்புப் பெட்டி உண்டு. கொடி, விளக்கு, சட்டப் புத்தகம், சமையல் சாமான் எல்லாம் அதில்தான். அதைத் தூக்கி வண்டியில் ஏற்றவும் இறக்கவும் தனி ஆள். மீசை முழுக்க நரைத்த பிறகும் அவருடைய பதவியின் பெயர் பாக்ஸ் பாய்தான். கார்டு தன் பெட்டியைத் தானே தூக்க மாட்டார். அது கௌரவக் குறைச்சல் என்று எங்களுக்குள் ஓர் எண்ணம்.

ஒரு நாள் எங்கள் பாக்ஸ் பாய் பெட்டியை இறக்கி வைத்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு, ரொம்பக் கனம் என்றார். பாவமாக இருந்தது. டீயும் உளுந்த வடையும் வாங்கிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு பயணத்துக்கும் அதே இடுப்பு, அதே வடை. நானும் மனசாட்சி உள்ளவன். முதலில் ஸ்டவ்வை வீட்டில் விட்டேன். பிறகு சட்டியை. கடைசியில் சட்டப் புத்தகத்தையே விட்டேன். சோதனைக்கு யாராவது வந்திருந்தால் என் வேலைக்கு ஆபத்து. கொடைரோட்டிலும் வடமதுரையிலும் வண்டி கிடையாய்க் கிடக்கும்போது, சுடச்சுட ஒரு காப்பிக்கு வழியில்லாமல் ஆறிப்போன புளிச்சோற்றைத் தின்றேன். அவருடைய இடுப்புவலி மட்டும் குறையவே இல்லை.

ஓய்வு பெற்ற அன்று பெட்டியைக் காலி செய்து, முதல் முறையாக நானே தூக்கினேன். அசையவில்லை. அடிப்பலகையைப் பெயர்த்துப் பார்த்தால், சாக்குத் துணியில் பக்குவமாகச் சுற்றி, ஓர் உடைந்த ஃபிஷ்பிளேட். தண்டவாளத்தின் இரண்டு முனைகளைச் சேர்த்துப் பூட்டும் இரும்புப் பட்டை அது. வீட்டுக்குக் கொண்டுவந்தேன். காற்றில் அடிக்காமல் இருக்க என் மனைவி அதைப் பின்கதவுக்கு முட்டுக் கொடுத்தாள்.

டீக்கடையில் இதைச் சொல்லும்போதெல்லாம் ஆளாளுக்கு அது தன் வேலைதான் என்பார்கள். ஓய்வு பெற்று எங்கள் பெஞ்சில் சேர்ந்துவிட்ட பாக்ஸ் பாய் மட்டும் டீயைக் குடித்துக்கொண்டிருப்பார். சுமந்த ஆளாயிற்றே, அவருக்கு எப்படிச் சிரிப்பு வரும் என்று நானும் விட்டுவிடுவேன்.

இப்போது அவர் மகளோடு இருக்கத் திருப்பூருக்குப் போவதாக முடிவாகியிருந்தது. பிள்ளைகள் வீட்டுக்குப் போனவர்கள் இந்த பெஞ்சுக்குத் திரும்பியதில்லை. சென்னைக்குப் போன டிரைவர் கொஞ்ச நாள் போன் செய்தார், அப்புறம் அதுவும் நின்றுபோனது. இவரையும் அப்படி விட எனக்கு மனசில்லை. அதை எப்படிச் சொல்வது? கடைசி நாள் காலையில் அதை விட்டுவிட்டு, ஃபிஷ்பிளேட் யார் வைத்தது, தூக்கிய உனக்குத் தெரியாமலா இருக்கும் என்று கேட்டேன்.

அவர் வடையைத் தட்டில் வைத்தார்.

“நான்தான் சார். நீங்க ஸ்டவ்வ எறக்குனீங்க, சட்டிய எறக்குனீங்க. கனம் கொறைஞ்சுக்கிட்டே போச்சு. வடை நின்டுருமோன்னு பயந்துட்டேன்.”

“தூக்குனது நீதானய்யா?”

“ஆமா சார். ஓசியிலயா திங்கிறது?”

பாயின்ட்ஸ்மேனுக்குப் புரையேறிவிட்டது. எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. எத்தனை வருஷத்துக் காப்பி! வீட்டுக்கு வந்து பின்கதவைப் பார்த்த பிறகுதான் சிரிப்பு வந்தது.

மறுநாள் எல்லோரும் வழியனுப்பப் போனோம். அவர் தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் இரும்பை அவர் பையின் அடியில், வேட்டிகளுக்குக் கீழே வைத்தேன். வண்டி வந்ததும் பையைத் தூக்கியவர் தள்ளாடினார்.

“வயசாயிருச்சு சார். கை ஏலல.”

“அப்படித்தான்யா இருக்கும்” என்றேன்.

வண்டி நகர்ந்தது. வேலையில் இருந்தபோது, கடந்து போகும் வண்டியில் எதுவும் தொங்குகிறதா, புகைகிறதா என்று சக்கரத்தைப் பார்த்தே பழகிய கண்கள் எங்களுக்கு. எல்லோரும் குனிந்து சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றோம். நிமிர்ந்தபோது கடைசிப் பெட்டியும் போய்விட்டது. வாசலில் நின்று கையாட்டியிருப்பார். ஒருவரும் பதிலுக்குக் கையாட்டவில்லை.

மறுநாள் டீக்கடையில் இருக்கும்போது அவரே போன் செய்தார்.

“மருமகன்தான் சார் பையத் தூக்குனாரு. படியேறிட்டு, என்ன மாமா இம்புட்டுக் கனம்னாரு. பாவமாப் போச்சு. வடை வாங்கிக் குடுத்தேன்.”

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பிறகு, ரயில்வே சொத்தை வீட்டில் வைத்திருக்கப் பயமாக இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறேன், ஆனால் திண்டுக்கல்லில் இறங்கினால் தூக்க ஆள் வேண்டுமே என்றார்.

“நான் வாரேன். நான் தூக்குறேன்” என்றேன்.