காய்ச்சல் விட்ட பிறகு

டெங்கிக் காய்ச்சலைப் பற்றிப் பேசிப் பேசி எனக்கு அலுத்துவிட்டது. நான் மருத்துவர் இல்லை. பினாங்கில் ஓர் ஆய்வுக்கூடத்தில் கொசுக்களை ஆராய்கிறவள். ஆராய்ந்தால் மட்டும் போதாது, மக்களிடமும் கொண்டுபோக வேண்டும் என்று மேலிடம் சொன்னது. அன்றிலிருந்து ஒரே சங்கதியை மாநாட்டில் ஆங்கிலத்தில், அதிகாரிகளிடம் மலாயில், மண்டபங்களில் தமிழில் என்று மாற்றி மாற்றி ஒப்பித்துக்கொண்டிருக்கிறேன். இப்போதெல்லாம் கூட்டம் என்றாலே உடம்பு கனக்கிறது.

மூன்றில் தமிழுக்குத்தான் அதிகம் மெனக்கெட்டேன். வீட்டில் பேசுகிற தமிழ் மேடைக்கு ஆகாது என்று எனக்கொரு வீம்பு. அகராதியைப் புரட்டி, ஆங்கிலச் சொல் ஒன்றுகூட இல்லாமல் எழுதினேன். டெங்கியில் காய்ச்சல் இறங்கும்போதுதான் உயிருக்கு ஆபத்து. அந்த ஓரிரண்டு நாளுக்கு நான் வைத்த பெயர் ‘நெருக்கடிக் கட்டம்’. எழுதி முடித்ததும் எனக்கே பெருமையாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பினாங்குப் பாலம் தாண்டி அக்கரையில் உள்ள பாகான் டாலாமில் பேச்சு. பாலத்தில் ஜாம், போய்ச் சேரும்போதே எரிச்சல். முன்வரிசையில் ஒரு பெண், பக்கத்து ஊரான மாக் மண்டினில் தொழிற்சாலை வேலை என்றார். மலாய்ப் பள்ளியில் படித்தவர், தமிழ் வாசிக்க வராது. நான் சொல்வதைக் காதால் கேட்டு, ஆங்கில எழுத்தில் கைப்பேசியில் குறித்துக்கொண்டார். எல்லோரும் தலையாட்டினார்கள். தலையாட்டினால் புரிந்தது என்று அர்த்தமில்லை என்பது இத்தனை மேடை ஏறிய எனக்குத் தெரியாதா? தெரியும். ஒப்புக்கு, கேள்வி இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, அவர்கள் சாப்பிடக் கொடுத்த மீஹூன் பொட்டலத்தோடு கிளம்பிவிட்டேன்.

சில வாரம் கழித்து மண்டபத்துக்காரர் போன் செய்தார். அந்தப் பெண்ணின் கணவர் டெங்கியில் இறந்துவிட்டாராம். அவர்கள் வீட்டுக்குப் போகாமல் இருக்க முடியவில்லை.

"நாலாம் நாளு காய்ச்சல் விட்டுருச்சுக்கா," என்றார் அந்தப் பெண். "எந்திரிச்சு உக்காந்தாரு. தலைக்குத் தண்ணி ஊத்தி ரசஞ்சோறு குடுத்தேன். வயிறு லேசா வலிக்குதுன்னாரு. மறுநாளு வேலைக்குப் போயிட்டாரு. அங்கயே விழுந்துட்டாரு."

நம் வீடுகளில் காய்ச்சல் விட்டதும் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். ஊற்றிவிட்டால் நோய் முடிந்தது, ஆள் வேலைக்குப் போகலாம். என் அம்மாவும் அப்படித்தான். கொசுவைப் பற்றி அத்தனை படம் காட்டிய நான் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அவர் கைப்பேசியை எடுத்துக் காட்டினார். நான் சொன்னது எல்லாம் வரிசையாக இருந்தது. ஓரிடத்தில் ‘நெருக்கடிக் கட்டடம்’ என்று இருந்தது.

"நெருக்கடியான பில்டிங்லதான் உயிருக்கு ஆபத்துன்னு சொன்னீங்கள்லக்கா. நாங்க ஃப்ளாட்ல இல்லியே, தரை வீடுதானேன்னு தைரியமா இருந்துட்டேன்லா."

கட்டடம் இல்லை, கட்டம் என்று இப்போது திருத்தி யாருக்கு என்ன ஆகப்போகிறது? வெட்கத்தில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உங்க வீட்ல யாருக்காச்சும் டெங்கி வந்தா என்னக்கா சொல்வீங்க?" என்று கேட்டார்.

போன வருடம் என் மகனுக்கு வந்தபோது கணவரிடம் சொன்னதை அப்படியே சொன்னேன். "காய்ச்சல் விட்டுருச்சேன்னு விட்றாதீங்க, அப்பதான் டேஞ்சர். ஸ்கூலுக்கு அனுப்பாதீங்க. வயித்து வலி, வாந்தி, பல்லுல ரத்தம், எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுங்க."

முழுதும் கேட்டார். முகத்தில் கோபமே இல்லை.

"இது புரியுதேக்கா," என்றார். "இத ஏன் எங்களுக்குச் சொல்லல?"