சீதாலட்சுமி முகம் சிவந்த கதை

எங்கள் பக்கத்தில் ஒருத்திக்கு முகம் சிவந்தால் இரண்டே காரணம்தான் சொல்வார்கள். ஒன்று வெட்கம், இல்லாவிட்டால் கோபம். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது என்று ஊரை ஒப்புக்கொள்ள வைப்பதற்குள் சீதாலட்சுமிக்கு நாற்பத்திரண்டு வயதாகிவிட்டது.

இதைச் சொல்கிற நான் காரைக்குடியில் மருந்துக்கடை வைத்திருப்பவள். பெயர் அழகி. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளலாம். க்ரீம் வாங்க வருகிற அத்தனை பேரும் என் பெயரைக் கேட்டதும் என் முகத்தை ஒரு தடவை உற்றுப் பார்ப்பார்கள், எனக்குப் பழகிவிட்டது. இருபத்தாறு வருடமாக இங்கே நிற்பதால் ஊர்ச் சனம் முகத்தில் என்னென்ன பூசிக்கொள்கிறது என்பது எனக்கு அத்துப்படி. அதனால் கோபமும் சீக்கிரம் வரும். ஆனால் என் முகம் சிவக்காது, அதற்கு வழியில்லாத நிறம்.

சீதாலட்சுமி ஒக்கூரில் பிறந்தவள். அப்பா கொத்தனார். அவளைப் பெண் பார்க்க வந்த அன்று டைப்ரைட்டிங் வகுப்பு முடிந்து உச்சி வெயிலில் ஐந்து கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து வந்திருக்கிறாள். மூச்சு அடங்குவதற்குள் காப்பித் தட்டைக் கையில் கொடுத்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா நிமிர்ந்து பார்த்தார். "வெக்கத்துல புள்ளைக்கு மொகம் எப்படிச் செவந்துருக்கு பாருங்க, இந்தக் காலத்துல இப்படி ஒரு பொண்ணா" என்று சொல்லி அங்கேயே பூ வைத்துவிட்டார். கல்யாணமாகி வந்தபிறகு அதே முகம் மாவாட்டும்போது சிவந்தது, துணி துவைக்கும்போதும் சிவந்தது. "ஒரு வேலை சொல்லிறக் கூடாது, உடனே மொகத்தைச் செவக்க வச்சுக்கிருவா" என்று அதே மாமியார் தெருவெல்லாம் சொன்னார். வெட்கம் கோபமாக மாறுவதற்கு ஒரு வருடம்கூட ஆகவில்லை.

பிறகு அவளுக்குத் தபால் கொடுக்கும் வேலை கிடைத்தது. கண்டனூர்ப் பக்கம். பூட்டிக்கிடக்கும் பெரிய வீடுகளுக்கு நடுவில் ஆள் இருக்கிற வீடாகத் தேடிச் சைக்கிளில் போவாள். வெயிலில் சிவந்த முகத்தோடு அவள் பதிவுத் தபாலை நீட்டினால் வாங்குகிறவர்கள் ஒரு அடி பின்வாங்குவார்கள். அங்கே நாச்சியம்மை ஆச்சி என்று ஒருவர் இருக்கிறார். "நான் உன்னய என்ன சொன்னேன் தாயி, இம்புட்டுக் கோவமா நிக்கிறே? உள்ள வந்து உக்காரு, மோர் தாரேன்" என்பாராம். சீதா ஒரு மாதம் விளக்கம் சொல்லிப் பார்த்தாள். மோர் நன்றாக இருந்ததால் விளக்கத்தை விட்டுவிட்டாள்.

நாலு வருடத்துக்கு முன் சைக்கிள் போய் ஸ்கூட்டர் வந்தது. கூடவே எட்டுக் கிலோ எடையும் வந்தது. அதைக் குறைக்கத்தான் காலையில் கல்லூரி மைதானத்துக்கு நடக்க வர ஆரம்பித்தாள். ஆறு மாதத்தில் நடை ஓட்டமானது. நானும் அங்கே நடக்கிறவள்தான், ஆனால் ஓட்டம் எனக்கு ஆகாது.

"ஓடும்போது மனசு லேசா இருக்குக்கா. வீட்டுக் கவலை, ஆபீஸ் கவலை ஒண்ணும் நம்ம பின்னாடி ஓடியாரமாட்டேங்குது" என்றாள் ஒரு நாள். அவள் அவ்வளவு சந்தோஷமாகப் பேசி நான் கேட்டதில்லை. முகம் மட்டும் நெற்றியிலிருந்து கழுத்துவரை செக்கச் செவேல் என்று இருந்தது.

போன வருடம் ஊரில் பெண்களுக்கு ஐந்து கிலோமீட்டர் ஓட்டம் வைத்தார்கள். சீதா பெயர் கொடுத்தாள். நான் முடிவுக் கோட்டுக்கு நானூறு மீட்டர் முன்னால், ஒரு பெட்ரோல் பங்க் வாசலில் ஓ.ஆர்.எஸ். தண்ணீர் கலக்கி வைத்துக்கொண்டு நின்றேன். அவள் புருஷன் ஆசைத்தம்பியும் அங்கே நின்றார். தச்சு வேலை செய்கிறவர். நல்ல கருப்பு, நல்ல உயரம், வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிற ஆள். விடிகாலையில் சீதா மைதானத்துக்குப் போகும்போது அவர் தூங்கிக்கொண்டிருப்பார் என்பதால், அவள் ஓடி அவர் பார்த்ததே இல்லை.

அன்றைக்குப் பார்த்தார். வளைவில் திரும்பி வந்த பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்ததும், "ஐயையோ, சீதா, நில்லு" என்று ரோட்டின் நடுவில் பாய்ந்து அவளைக் குண்டுக்கட்டாகத் தூக்கிவிட்டார். அவள் திமிறத் திமிற, ஓட்டத்துக்காக அங்கே நிறுத்தியிருந்த ஆம்புலன்ஸில் ஏற்றிக் கதவைச் சாத்தியாகிவிட்டது. உள்ளே இருந்த முதலுதவிப் பையன் பாண்டீஸ்வரன் ரத்த அழுத்தம் பார்த்தான், காய்ச்சல் பார்த்தான், நாடி பார்த்தான். எல்லாம் ஒழுங்காக இருந்தது. "ஒண்ணுமில்லக்கா, நீங்க போகலாம்" என்று அவன் சொல்லும்போது முடிவுக் கோட்டில் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்று வாரம் அவள் புருஷனோடு பேசவில்லை. 'சோறு அடுப்படியில்', 'கேஸ் தீர்ந்துவிட்டது' என்று துண்டுச் சீட்டில் எழுதிவைத்தாளாம். தபால்காரி வீட்டில் சண்டையும் தபாலில்தான் நடந்தது.

"அடுத்த வருசம் அந்தக் கோட்டைத் தாண்டணும்க்கா. அவுக கண்ணு முன்னாடி தாண்டணும்" என்றாள் என்னிடம். எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஐந்து கிலோமீட்டரில் நாலரைக்கு மேல் ஓடியவளை முகத்தைப் பார்த்துத் தூக்கிக்கொண்டு போனால் யாருக்குத்தான் ஆறும்?

ஆனால் அவள் அடுத்துச் செய்த காரியம் இருக்கிறதே. குற்றம் எல்லாம் முகத்தின் மேல்தான் என்று முடிவு கட்டி, முகத்தைச் சரிசெய்யக் கிளம்பிவிட்டாள். அதுவும் கொத்தனார் மகள் புத்தியோடு. எங்கள் ஊர்ப் பெரிய வீட்டுச் சுவர்களுக்குக் கடைசிச் சுண்ணாம்புப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்ப்பார்கள், கை வைத்தால் வழுக்கும். அவள் அப்பாவும் அந்த வேலை செய்தவர். தினமும் இரண்டு முட்டையை உடைத்து வெள்ளைக்கருவை முகத்தில் பூசி, காயவிட்டு, காய்ந்த பீர்க்கங்காய் நாரால் தேய்த்து, வெந்நீரில் கழுவியிருக்கிறாள். பத்து நாள்.

பதினோராவது நாள் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு கடைக்கு வந்தாள். விலக்கிக் காட்டினாள். கன்னம் இரண்டும் தோல் உரிந்து, ஓடாமலேயே சிவந்து கிடந்தது.

"எவ சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லலைக்கா. அப்பா பூசுன சுவரு அம்பது வருசமா வெயில்ல நிக்கிது, ஒரு வெடிப்பு இல்ல. அதான்..."

"சுவத்துக்கு அரிக்குமாடி? சுண்ணாம்பு சேக்காம விட்டியே, அதுக்கே உங்க குலசாமிக்குப் பொங்கல் வைக்கணும்."

"திட்டாதீக. அந்தக் குட்டி ட்யூப் ஒண்ணு குடுங்க. போஸ்ட் ஆபீசுல ஒரு அக்கா போடுது, ரெண்டே நாள்ல பளிச்சுனு ஆயிருமாம்."

எனக்கு வந்ததே கோபம். அந்த ட்யூபில் இருப்பது ஸ்டீராய்டு. டாக்டர் சொல்லாமல் முகத்தில் தடவினால் முதலில் பளிச்சென்று இருக்கும். பிறகு தோல் மெலிந்து, நிரந்தரமாகச் சிவந்து, வெயில் பட்டாலே எரியும். இதை நான் ஒரு நாளைக்கு நாலு பேருக்குச் சொல்கிறேன், நாலு பேரும் அடுத்த கடைக்குப் போகிறார்கள். சீதாவை மட்டும் விடுவதாக இல்லை. "நாளைக்கு என்னோட தோல் டாக்டர்கிட்ட வாரே. உன் புருசனையும் கூட்டிக்கிட்டு வா, பயந்தவரு அவருதானே" என்றேன்.

டாக்டரம்மா வயதில் சின்னவர், ஆனால் பொறுமைசாலி. எல்லாப் பரிசோதனையும் செய்துவிட்டு, சீதாவுக்கு நோய் ஒன்றுமில்லை, தோல்தான் எதற்கெடுத்தாலும் கொஞ்சம் கூசுகிற தோல் என்றார்.

"ஓடுனா உடம்பு சூடாகும். அந்தச் சூட்டை வெளியேத்த ரத்தம் தோலுக்கு வரும். எல்லாருக்கும் வரும். உங்க தோல் அதை வெளியில காட்டிக் குடுக்குது, அவ்வளவுதான். உங்க வீட்டுக்காரருக்கும் வரும், அவருக்கு வெளியில தெரியாது."

"அப்ப மொகத்துக்கு நான் என்ன செய்யணும்?" என்றாள் சீதா.

"முதல்ல, செய்யறதையெல்லாம் நிப்பாட்டுங்க. முட்டை, வெந்நீர், தேய்க்கிறது, எலுமிச்சம்பழம், எதுவும் வேண்டாம். வாசனையில்லாத சோப்பு, பச்சைத் தண்ணி, ஈரம் காயறதுக்குள்ள மாய்ச்சரைசர், வெளியில போறப்ப சன்ஸ்க்ரீன். ஓடறது வெயில் ஏறுறதுக்கு முன்னாடி. கழுத்துல ஈரத்துண்டு போட்டுக்கங்க."

சீதா கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். "புதுப்பூச்சுக்குச் செய்யிற மாதிரிதான். பூசி முடிச்சதும் அப்பா சுவத்தைத் தொடவே விடமாட்டாரு. ஈரச்சாக்கைப் போட்டு, வெயில் படாம மூடி, நாளு தவறாம தண்ணி தெளிக்கணும். நான்தான் தெளிப்பேன். காயவிட்டா வெடிச்சிரும்பாரு." முட்டை ஞாபகம் இருந்தவளுக்கு இது ஞாபகம் வரவில்லை என்பதை நான் அப்போது சொல்லிக்காட்டாமல் இல்லை.

ஆசைத்தம்பி சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கிளம்பும்போது மெதுவாகக் கேட்டார். "மொகத்தைப் பாத்து ஒண்ணும் சொல்ல முடியாதுன்னா, இவளுக்கு முடியலைன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவர் கேட்ட விதத்தில்தான் அந்த மனிதர் அன்றைக்கு எவ்வளவு பயந்திருக்கிறார் என்று எங்களுக்கு விளங்கியது. சீதாவும் அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"நெஞ்சு வலி, தலை சுத்தல், வாந்தி வந்தா உடனே நிக்கணும்" என்றார் டாக்டரம்மா. "மத்தபடி ஒரு கேள்வி கேளுங்க. ஓடிக்கிட்டே முழு வாக்கியமா பதில் சொன்னா நல்லா இருக்காங்கன்னு வச்சுக்கங்க. ஒரு வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்குனா நிப்பாட்டுங்க."

மறுநாளிலிருந்து மைதானத்தில் ஒரு கூத்து தொடங்கியது. சீதா ஓடுவாள், பின்னாலேயே ஆசைத்தம்பி மொபெட்டில் வருவார். கேள்வி கேட்கவேண்டுமே, பேசிப் பழகாத மனிதருக்கு என்ன கேட்பது என்று தெரியவில்லை. தினமும் வீட்டில் கேட்கிற ஒரே கேள்வியையே கேட்டார்.

"இன்னைக்கு என்ன கொழம்பு?"

"முருங்கைக்காய் சாம்பார், கோஸ் பொரியல், நேத்து வச்ச ரசம் இருக்கு."

திருப்தியாகத் தலையாட்டிவிட்டு அடுத்த சுற்று வருவார். அதே கேள்வி வரும், அதே பதில் கிடைக்கும். மைதானத்தில் நடந்த எங்கள் ஆறு பேருக்கும் அவர்கள் வீட்டுச் சமையல் ஒரு வருடம் மனப்பாடம். சீதாவின் கன்னம் ஆறி, உரிந்த தோல் மறைந்தது. ஓடி முடித்தால் ஒரு மணிநேரம் நிற்கிற சிவப்பு கால்மணியில் இறங்கியது. ஆனால் ஓடும்போது சிவப்பது சிவந்துகொண்டேதான் இருந்தது.

இந்த வருட ஓட்டம் வந்தது. அதே பங்க், அதே ஆம்புலன்ஸ், அதே பாண்டீஸ்வரன். நானும் அதே வாளியோடு நின்றேன். ஆசைத்தம்பி விடியுமுன்பே வந்துவிட்டார். பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. நான் நீட்டிய தம்ளரையும் வேண்டாம் என்றுவிட்டார்.

வளைவில் சீதா திரும்பினாள். கழுத்தில் ஈரத்துண்டு. முகம் போன வருடத்தைவிட ஒரு பிடி கூடவே சிவப்பு. பாண்டீஸ்வரன் கதவைத் திறந்துகொண்டு இறங்கினான். ஆசைத்தம்பி ரோட்டில் கால் வைத்தார். சீதா அவரைப் பார்த்துவிட்டாள். இவர் மறுபடியும் தூக்கிவிடுவாரோ என்ற பயம் அவள் கண்ணில் தெரிந்தது. கேளுய்யா, கேளு என்று மனதுக்குள் கத்தினேன்.

"இன்னைக்கு என்ன கொழம்பு?" என்றார்.

என் பக்கத்தில் நின்ற ஒரு அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "இந்த ஆம்பளைகளுக்கு எந்நேரமும் சோத்து நெனப்புத்தான்."

"வெண்டைக்காய் மண்டி, தொட்டுக்கச் சுட்ட அப்பளம், ஆனா இன்னைக்கு நீங்கதான் வைக்கணும், நான் ஓடிக்கிட்டு இருக்கேன்ல" என்று ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டு சீதா அவரைத் தாண்டி ஓடினாள்.

ஆசைத்தம்பி பாண்டீஸ்வரன் பக்கம் திரும்பினார். "நீங்க இருங்க தம்பி. அவ மொகம் அப்படித்தான்." சொல்லிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்புக் காலோடு அவள் பின்னாலேயே ஓட ஆரம்பித்துவிட்டார். சிரித்துக்கொண்டே ஓடினார். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு என்னால் முடிந்தமட்டும் வேகமாக நடந்தேன்.

சீதா கோட்டைத் தாண்டினாள். அறுபத்து மூன்றாவது ஆள். கழுத்தில் மெடலை மாட்டினார்கள். திரும்பிப் பார்த்தால் புருஷன் தரையில் உட்கார்ந்திருக்கிறார்.

பின்னாலேயே வந்த ஆம்புலன்ஸிலிருந்து பாண்டீஸ்வரன் இறங்கி ஓடி வந்தான். "என்னண்ணே, மொகத்துல ஒண்ணும் தெரியலையே, நல்லாத்தானே இருக்கீக?"

சீதா அவன் கையை விலக்கிவிட்டுக் குனிந்தாள். "இன்னைக்கு என்ன கொழம்பு?"

அவர் வாயைத் திறந்தார். "வெ..." மூச்சு. "வெண்..." மூச்சு.

"ஏத்துங்க தம்பி" என்றாள் சீதா.

பெரிதாக ஒன்றுமில்லை. வெறும் வயிறு, வெயில், பழக்கமில்லாத ஓட்டம். உள்ளே படுக்கவைத்து ரத்த அழுத்தம் பார்த்து, என் ஓ.ஆர்.எஸ். தண்ணீரை இரண்டு தம்ளர் குடிக்க வைத்தார்கள். சீதா மெடலோடு பக்கத்தில் உட்கார்ந்து, தன் கழுத்திலிருந்த ஈரத்துண்டை எடுத்து அவர் நெற்றியில் போட்டாள். கால்மணியில் அவள் முகம் ஆறிப் பழைய நிறத்துக்கு வந்துவிட்டது. அவர் எழுந்து உட்கார்ந்தார்.

"வெண்டைக்காய் மண்டி நான் வைக்கிறேன், அப்பளமும் சுடுறேன்" என்றார் முழு வாக்கியமாக. பாண்டீஸ்வரன் கதவைத் திறக்கப் போனான். அதற்குள் அந்தப் பேசா மனிதர் எங்கள் எல்லார் முன்னாலும் இன்னொன்றும் சொன்னார். "போன வருசம் உன்னய நிப்பாட்டுனது என் தப்பு. நீ ஓடுறதைப் பாத்துக்கிட்டே இருக்கலாம் சீதா, அம்புட்டு அழகா இருக்கு."

சீதா தலையைக் குனிந்துகொண்டாள். முகம் காதுவரை சிவந்துவிட்டது.

"என்னக்கா, உக்காந்துதானே இருக்கீக, மறுபடி செவக்குதே?" என்று பாண்டீஸ்வரன் பதறிப்போய் ரத்த அழுத்தப் பட்டையைக் கையில் எடுத்தான். அதை நான் வாங்கி வைத்துவிட்டேன். இருபது வருடத்துக்கு முன் அவள் மாமியார் ஒக்கூரில் பூ வைத்தபோது சொன்ன காரணம் இன்றைக்குத்தான் சரி என்று அவனிடம் சொன்னேன்.