அமுங்காத கைப்பிடி

மழைக்காலத்தில் எங்கள் வீட்டுத் துவைகல்லைச் சுற்றிப் பாசி பிடித்துவிடும். தெரிந்த சங்கதிதான். இருந்தும் போன ஆடியில் ஒரு காலை, வாளியோடு போனவள் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தேன். மணிக்கட்டு முறிந்துவிட்டது. தாலுக்கா ஆசுபத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு, கட்டுப் பிரிக்கும்வரை ஒரு டம்ளர்கூடத் தூக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

நல்லேப்பிள்ளியிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் ஒரு பட்டறையில் எனக்கு வேலை. போர்வெல் மோட்டார்களுக்கு ஸ்டார்ட்டர் போர்டு செய்கிறோம். முதலாளியை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். பாலக்காட்டில் அவர் குடும்பத்துக்கு எலெக்ட்ரிக் சாமான் கடை உண்டு. பட்டறை இவராகத் தொடங்கியது. போர்டுக்குள் ஓடுகிற ஒவ்வொரு வயரின் முனையிலும் லக் என்கிற குட்டிச் செம்புக் குழலை மாட்ட வேண்டும். வயரின் தோலை உரித்து, கம்பியை லக்குக்குள் நுழைத்து, கிரிம்பிங் டூலின் வாயில் வைத்துக் கைப்பிடியை அமுக்கினால் லக் கம்பியைக் கவ்விக்கொள்ளும். அதுதான் என் வேலை. காலையிலிருந்து சாயங்காலம்வரை அமுக்குவேன்.

அந்த டூலில் ஒரு விசேஷம். பாதியில் விட்டால் திறக்காது. டிக் டிக்கென்று பல் பல்லாக ஏறி, கடைசிப் பல்லைத் தாண்டினால்தான் தானாக வாய் விரியும். அரைகுறையாக அமுக்கிய லக் வெளியே போய்விடக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். லூசான லக் சூடேறும், சூடேறினால் போர்டே கருகிவிடும். எனக்கு அந்தக் கடைசி டிக் சத்தம் பிடிக்கும். அது கேட்டால் அந்த வேலை முடிந்தது, திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை.

கட்டுப் பிரித்தபோது என் கை இன்னொருத்தியின் கை மாதிரி மெலிந்து, தோல் வெளுத்துப் போயிருந்தது. எலும்பு கூடிவிட்டது, பிடி மெதுவாக வரும் என்றார் டாக்டர். அழுத்திப் பழக ஒரு ரப்பர் பந்து வாங்கச் சொன்னார். மெதுவாக என்றால் எவ்வளவு மெதுவாக என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள், நான் இல்லாதபோது என் இடத்தில் இருந்த தோழி எழுந்து இடம் கொடுத்தாள். கொழிஞ்சாம்பாறைக்காரி, என்னைவிடச் சின்னவள். அவள் போர்டில் சாமான் பொருத்துகிற தன் பழைய மேசைக்குப் போனாள். நான் உட்கார்ந்து ஒரு லக்கை வைத்து அமுக்கினேன். மூன்று பல் ஏறியது. அதற்கு மேல் நகரவில்லை. மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை வலி இழுத்தது. யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, இடது கையையும் சேர்த்து, கைப்பிடியைத் தொடைக்கு முட்டுக் கொடுத்து ஒருவழியாக அமுக்கி முடித்தேன்.

அப்படியே நாலைந்து நாள் ஓட்டினேன். ஆள் இருக்கும்போது வயர் வெட்டுவேன், தோல் உரிப்பேன், நம்பர் வளையம் கோப்பேன். எல்லோரும் டீக்குப் போனதும் இரண்டு கையாலும் லக் அடிப்பேன். சாயங்காலம் கை வீங்கியிருக்கும். வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். கை எப்படி இருக்கிறது என்று தினமும் கேட்பார். நல்லாத்தான் இருக்குதுங்க என்பேன். இந்தக் கை இனி இந்த வேலைக்கு ஆகாது என்று மனசுக்குள் முடிவே கட்டிவிட்டேன். அதை வாயால் சொல்லிவிட்டால் நிஜமாகிவிடும் என்று ஒரு வெசனம்.

வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்காகப் பாய் முன்னாலேயே கிளம்பிவிடுவார். அந்த வெள்ளிக்கிழமையும் அவர் போனதும் மற்றவர்கள் பின்பக்கம் சோறு உண்ணப் போனார்கள். பசியில்லை என்று சொல்லிவிட்டு நான் உட்கார்ந்து அடித்தேன். ஒரு லக் பாதியில் மாட்டிக்கொண்டது. இரண்டு கையாலும் அமுக்கினேன், முடியவில்லை. மேசையில் வைத்து உடம்பின் பாரத்தைப் போட்டேன். கை சரிந்து மணிக்கட்டு சுரீரென்றது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துப் பள்ளிவாசல் போய்த் திரும்பிய பாய் பட்டறை வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

மறைக்க ஒன்றுமில்லை. எழுந்து நின்றேன்.

"எனக்குக் கை ஆகலீங்க பாய். வேற ஆளு பாத்துக்கோங்க" என்றேன்.

அவர் தொப்பியைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டு டூலை வாங்கினார். கேபிள் சுருளை ஒற்றை ஆளாக வண்டியில் ஏற்றுகிறவர் அவர். ஒரு கையால் அமுக்கினார். நகரவில்லை. நிமிர்ந்து நின்று மறுபடி அமுக்கினார். கழுத்து நரம்பு புடைத்து, கடைசியில் டிக்கென்று விழுந்தது. கையை உதறிக்கொண்டே டூலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எனக்கே அமுங்கலயேம்மா. இதையா இத்தனை நாளும் புடிச்சுட்டிருந்தே?"

அவர் சொன்னது காதில் விழுந்தும், உள்ளே இறங்கக் கொஞ்ச நேரம் ஆனது. கோளாறு டூலில், என் கையில் இல்லை என்று புரிந்ததும் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

சத்தம் கேட்டு வந்த தோழியிடம் பாய் விசாரித்தார். நான் லீவில் இருந்தபோது வயர்த் துணுக்கு சிக்கி டூல் திறக்காமல் போயிருக்கிறது. அவள்தான் டூலின் பக்கவாட்டில் இருந்த குட்டி ஸ்குரூவைக் கழற்றி, அது பிடித்திருந்த பல்சக்கரத்தை எடுத்துத் துடைத்து மாட்டியிருக்கிறாள். அந்தச் சக்கரம்தான் அழுத்தம் எவ்வளவு என்று தீர்மானிப்பது. முன்பு எங்கே நின்றது என்று பார்க்காமல் மாட்டியதில், அது கூட்டல் குறிப் பக்கம் போய் நின்றுவிட்டது. அவள் மேசையில் சாய்ந்து இரண்டு கையாலும் அமுக்கியே பழகிவிட்டாள்.

"கெட்டியாப் புடிச்சா நல்லதுதானேன்னு உட்டுட்டேனுங்க்கா" என்றாள். முகம் சின்னதாகிவிட்டது.

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கோபமே வரவில்லை. அவளுக்கு மாலை போடலாம் போலிருந்தது எனக்கு.

அப்புறம் மூன்று பேரும் டூலோடு உட்கார்ந்தோம். பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் வாயில் ஒட்டியிருந்த செம்புத் தூளைத் தட்டினேன். கீலில் ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் விட்டு, வழிந்ததைத் துணியால் ஒற்றினேன். வாயில் எண்ணெய் பட்டால் லக் வழுக்கும். பாய் சக்கரத்தை ஒவ்வொரு பல்லாகக் கழித்தல் பக்கம் திருப்பினார். ஒவ்வொரு முறையும் ஒரு துண்டு வயரில் லக் அடித்து இழுத்துப் பார்த்தோம். ரொம்பத் தளர்த்தியதும் லக் கையோடு வந்துவிட்டது. ஒரு பல் திரும்ப ஏற்றினார்.

"இப்ப நீ அமுக்கு."

ஒற்றைக் கையால் அமுக்கினேன். வலித்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பல் பல்லாக ஏறி, கடைசி டிக்கும் விழுந்து வாய் விரிந்தது. தோழி வயரைப் பிடித்து இழுத்தாள். லக் அசையவில்லை.

அதிகமாக நசுக்கினால் லக் விரிசல் விடலாம், உள்ளே கம்பி அறுந்தும் போகலாம் என்று அடுத்த கவலை வந்தது. பட்டறையில் இருந்த போர்டுகளை அன்று சாயங்காலமே திறந்து பார்த்து, சந்தேகப்பட்டவற்றை வெட்டி மாற்றினேன். வெளியே போனவற்றை அடுத்த வாரம் பாயே தோட்டம் தோட்டமாகப் போய்த் திறந்து பார்த்துவிட்டு வந்தார். ஒன்றும் கெட்டுப்போகவில்லை, எல்லா மோட்டாரும் ஓடுகிறது என்று வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொன்னார்.

அந்த வெள்ளிக்கிழமை ராத்திரியே வீட்டுக்காரரிடம் முழுக்கதையையும் சொன்னேன். கேட்டு முடித்து, "என்கிட்டச் சொல்றதுக்கு என்ன?" என்று மட்டும் கேட்டார். இரண்டு நாளாகச் சரியாக உண்ணாதவள், மறுசோறு போட்டு உண்டேன். ஆசுபத்திரியில் கைக்குப் பயிற்சி கொடுக்க வாராவாரம் வரச் சொல்லியிருந்தார்கள். லீவு கேட்டால் கை சரியில்லை என்று தெரிந்துவிடுமே என்று நான் போகாமலே இருந்தேன். திங்கட்கிழமை பாயிடம் போய், ஆசுபத்திரிக்குப் போகோணுங்க, மத்தியானத்துக்கு மேலதான் வருவேன் என்றேன். போயிட்டு வா என்றார்.